முயல் தானே வரட்டும்

"எங்க வீட்டு முயலுக்கு என்னைப் பிடிக்கவே இல்லை. கிட்டப் போனா ஓடுது. தூக்கினா உதைக்குது. நேத்து கடிச்சே விட்டுச்சு!"

முயல் வளர்க்கும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வருத்தப்படுகிறார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிய நாய்க்குட்டி இரண்டாம் நாளே வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறது. நம் முயலோ வாரக்கணக்கில் கூண்டின் மூலையிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஆசை ஆசையாகக் கேரட் நறுக்கிக்கொண்டு போனால், முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொள்கிறது. மனசு நோகத்தான் செய்யும்.

ஆனால் அந்த முயலுக்கு உங்கள்மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. உங்களைக் கண்டு பயப்படுகிறது, அவ்வளவுதான். பயம் என்று தெரிந்துவிட்டால் எதைக் கண்டு பயம், ஏன் பயம் என்று தேடலாம். முயலின் கண்ணிலும் காதிலும் மூக்கிலும் எலும்பிலும் அதற்கான விடை இருக்கிறது.

நாயின் மூதாதை ஓநாய். வேட்டையாடி வாழ்ந்த பிராணி. முயலின் மூதாதை பிறரால் வேட்டையாடப்பட்ட பிராணி. வீடுகளில் வளர்க்கும் முயல்கள் வெள்ளையோ கறுப்போ, காது நிமிர்ந்ததோ தொங்குவதோ, எல்லாமே ஐரோப்பிய முயல் என்ற ஒரே இனத்திலிருந்து வந்தவை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கிற ஐபீரியத் தீபகற்பமும் அதை ஒட்டிய தென் பிரான்சும் அதன் பூர்வீகம். அங்கே முயலைத் தின்று வாழும் பிராணிகள் ஏராளம். நரி தின்னும், ஆந்தை தின்னும், கழுகு தின்னும். ஐபீரிய லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை ஏறக்குறைய முயலை மட்டுமே நம்பி வாழ்கிறது. நோய் பரவி முயல்கள் குறைந்தபோது, இந்தப் பூனையும் அழிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டது. ஸ்பானிய இம்பீரியல் கழுகுக்கும் முயல்தான் முக்கிய உணவு.

கழுகு எப்படி வரும்? மேலிருந்து நிழல் விழும். முதுகில் நகம் இறங்கும். கால்கள் தரையை விட்டுக் கிளம்பும். இப்போது நீங்கள் முயலைத் தூக்கும் விதத்தை நினைத்துப் பாருங்கள். நின்றபடி குனிகிறீர்கள்; உங்கள் நிழல் அதன்மேல் விழுகிறது. இரண்டு கைகள் மேலிருந்து இறங்கி விலாவைப் பிடிக்கின்றன. கால்கள் தரையை விட்டுக் கிளம்புகின்றன. உங்கள் மனசில் இருப்பது அன்பு. அதை முயலின் உடம்பு எப்படி அறியும்? இப்படித் தூக்கப்பட்ட காட்டுமுயல்களில் திரும்பி வந்து குட்டி போட்டவை மிகக் குறைவு. அந்த நிழலைக் கண்டதும் உதைத்து ஓடியவற்றின் பரம்பரைதான் உங்கள் கூண்டில் இருக்கிறது.

கண்ணிலிருந்து தொடங்குவோம். முயலின் கண்கள் முகத்தின் இரு பக்கங்களிலும் சற்று மேலே தள்ளி அமைந்திருக்கின்றன. தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 360 பாகையும் அதற்குத் தெரியும். தலைக்கு மேலே உள்ள வானமும் தெரியும். பின்பக்கமாகப் பூனைநடை போட்டுப் போனாலும் அது உங்களைப் பார்த்துவிடும். ஆனால் ஒரு குறை உண்டு. மூக்கு நுனிக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழேயும் ஒரு சிறிய இடம் அதன் பார்வைக்குள் வராது. அந்த இடத்தில் இருப்பதை மீசை முடியாலும் உதட்டாலும் மோப்பத்தாலும்தான் அது அறியும். நாமோ சரியாக அந்த இடத்தில்தான் விரலை நீட்டுகிறோம்! எங்கிருந்தோ திடீரென்று ஒன்று முளைக்கிறது. தின்னும் பொருளா, ஆபத்தா என்று பல்லால் சோதித்துப் பார்க்கிறது. 'கடிச்சுடுச்சு' என்று அழுவதில் பல இப்படி நடந்தவைதான்.

ஆகவே கையைப் பக்கவாட்டிலிருந்து, முயலின் கண் மட்டத்தில், தரையை ஒட்டினாற்போல் மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். முதலில் தொடுவது நெற்றியாக இருக்கட்டும். இரண்டு கண்களுக்கு நடுவே தொடங்கி, காதுகளின் அடிவரை தடவுவது பெரும்பாலான முயல்களுக்குப் பிடிக்கும். வயிறு, வால், பாதம், தாடைக்கு அடிப்பகுதி, இந்தப் பக்கமெல்லாம் வேண்டாம்.

சந்தையில் அதிகம் கிடைப்பது உடம்பெல்லாம் வெள்ளையாகவும் கண் சிவப்பாகவும் இருக்கும் முயல். நியூசிலாந்து வெள்ளை என்ற வகை இப்படி இருக்கும். பெயரில் நியூசிலாந்து இருந்தாலும், இதை உருவாக்கியது அமெரிக்காவில். இதன் உடம்பில் மெலனின் என்ற நிறமி இல்லை. அதனால்தான் முடி வெள்ளை. கண்ணுக்குள் ஓடும் இரத்தத்தின் நிறம் வெளியே தெரிவதால் கண் சிவப்பு. நிறமி இல்லாத கண்ணுக்கு வெளிச்சம் கூசும். பார்வையும் அவ்வளவு கூர்மையாக இருக்காது. இந்த முயல்கள் சிலசமயம் ஒரே இடத்தில் நின்று தலையை இடமும் வலமும் மெதுவாக ஆட்டும். அது என்ன செய்கிறது தெரியுமா? நீங்களே செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முகத்துக்கு எதிரே ஒரு பென்சிலைப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். பென்சில் வேகமாக நகர்வதுபோல் தெரியும். தூரத்துச் சுவர் நகராததுபோல் தெரியும். கிட்ட இருப்பது எது, எட்ட இருப்பது எது என்று இதிலிருந்து கணக்குப் போடலாம். சிவந்த கண் முயலும் தன் எதிரே இருக்கும் உங்களை அப்படித்தான் அளக்கிறது. அளந்து முடிக்கும்வரை அசையாமல் இருப்பது நல்லது. இது வேறு, கழுத்து ஒரு பக்கமாகவே சாய்ந்துபோய்த் தடுமாறி விழுவது வேறு. இரண்டாவதாகச் சொன்னது நோய்; உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

காதுகளுக்கு வருவோம். இரண்டையும் தனித்தனியே திருப்ப முடியும். ஒன்று உங்கள் பக்கம், மற்றொன்று சன்னல் பக்கம். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். முயலுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, 40,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குக்கர் விசிலும் மிக்சி ஓட்டமும் நமக்கே சத்தம் என்றால் அதற்கு எப்படி இருக்கும்? ஆகவே கூண்டு சமையலறையிலும் வேண்டாம், டிவி பக்கத்திலும் வேண்டாம். அதற்காக ஆள் அரவமே இல்லாத மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அது மனிதர்களோடு எப்போது பழகும்? கூடத்தில் இரண்டு சுவர்கள் சேரும் மூலை நல்ல இடம். இரண்டு பக்கம் சுவர் இருப்பதால் இரண்டு பக்கக் கவலை அதற்கு இல்லை. அங்கிருந்து நீங்கள் சாப்பிடுவதையும் படிப்பதையும் சண்டை போடுவதையும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் தன்னைத் தின்ன வரவில்லை என்பதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறது. அதுவே பாதிப் பாடம்.

மூக்கின் கதைதான் எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பாக இருக்கிறது. ஹங்கேரி நாட்டு விலங்கியலாளர்கள் பீட்டர் பொங்ராட்ஸ், வில்மோஷ் ஆல்ட்பேக்கர் இருவரும் முயல்குட்டிகள் மனிதர்களோடு எப்படிப் பழகுகின்றன என்று ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். முயல்குட்டி பிறக்கும்போது முடி இருக்காது, கண் திறக்காது. தாய் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை வந்து சில நிமிடங்கள் மட்டும் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பிறந்த முதல் வாரத்தில், பால் குடிக்கும் நேரத்தை ஒட்டி மனிதர்கள் கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகள், வளர்ந்த பிறகு மனிதரைக் கண்டு அதிகம் பயப்படவில்லை. வேறு நேரத்தில் எடுத்துப் பழக்கிய குட்டிகளிடம் இந்த மாற்றம் ஏற்படவில்லை. பிறகு ஆல்ட்பேக்கரின் குழு இன்னும் ஒரு படி போய்ப் பார்த்தது. கையால் தொடவே வேண்டாம், மனித வாசனை அந்த நேரத்தில் மூக்கில் பட்டாலே போதும் என்று தெரியவந்தது! பால் வரும் நேரத்தில் குட்டியின் மூளை விழித்துக்கொண்டு, சுற்றியிருக்கும் வாசனைகளையெல்லாம் 'இவை நல்லவை' என்று எழுதிவைத்துக்கொள்கிறது.

உங்கள் முயல் கடையிலிருந்து வந்தது. அதற்கு அந்த முதல் வாரம் எப்படிப் போனது என்று நமக்குத் தெரியாது. அந்த வாரத்தை யாராவது தவறவிட்டிருந்தால் அது முயலின் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. ஆனால் வாசனை வழியாகப் பழக்கலாம் என்ற வழி இன்றைக்கும் திறந்தே இருக்கிறது. நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய பருத்தித் துணி ஒன்றைக் கூண்டின் பக்கத்தில் போட்டுவையுங்கள். தலைவலித் தைலமோ சென்ட்டோ கையில் இருந்தால் கழுவிவிட்டுப் போங்கள். நாயையோ பூனையையோ தடவிவிட்டு நேராக முயலிடம் போகாதீர்கள். நீங்கள் கொண்டுபோவது அதன் எதிரியின் வாசனை.

இனி பழக்கும் வேலை. இதற்கு வேண்டியது ஒரு கொத்துமல்லிக் கட்டும் ஒரு கதைப் புத்தகமும்தான். முயல்கள் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். பகலில் பெரும்பாலும் ஓய்வு. பள்ளி விட்டு வந்து, வீட்டுப்பாடம் முடித்து, பொழுது சாயும் நேரம் சரியாக இருக்கும். மின்கம்பிகள் இல்லாத, பூனை நுழைய முடியாத ஓர் அறையில் கூண்டைத் திறந்து வையுங்கள். ஒரு பக்கமாகத் திரும்பித் தரையில் உட்காருங்கள். முயலையே உற்றுப் பார்க்காதீர்கள். இரையை உற்றுப் பார்ப்பது வேட்டை விலங்கின் வழக்கம். புத்தகத்தை எடுத்து, தணிந்த குரலில் வாய்விட்டுப் படியுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

எதுவும் செய்யாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். முதல் நாள் முயல் வெளியே வராமலே போகலாம். அடுத்த சில நாளில் எட்டிப் பார்க்கும். பிறகு ஒரு நாள் வரும். வரும் விதத்தைக் கவனியுங்கள். முன்னுடம்பை நீட்டி, கழுத்தை நீட்டி, மூக்கைத் துடிக்கவிட்டுக்கொண்டு முகரும். பின்னங்கால்கள் மட்டும் பின்னாலேயே ஊன்றி நிற்கும். பாதி உடம்பு உங்களை அறிய ஆசைப்படுகிறது, மீதிப் பாதி ஓடத் தயாராக இருக்கிறது. இந்த நேரத்தில் கையை நீட்டினால் இதுவரை காத்திருந்தது வீண். முகரட்டும். சட்டையைக் கடித்து இழுக்கட்டும். காலில் ஏறி இறங்கட்டும். நீங்கள் புத்தகத்தைப் படித்துக்கொண்டே இருங்கள்.

இதற்குள் மூளையில் என்ன நடக்கிறது? ரயில் பாதை ஓரத்து வீட்டுக்குக் குடிபோன முதல் இரவு யாருக்கும் தூக்கம் வராது. ஒரு மாதம் போனால் ரயில் போனதே தெரியாது. தீங்கு எதுவும் செய்யாத ஒன்று திரும்பத் திரும்ப நடந்தால், மூளை அதற்குப் பதறுவதை நிறுத்திக்கொள்கிறது. எல்லா விலங்குகளுக்கும் இந்தப் பண்பு உண்டு. ஆனால் இதில் ஒரு முக்கிய நிபந்தனை இருக்கிறது. அந்த நிகழ்ச்சி தாங்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும். தாங்க முடியாத அளவுக்குப் பயமுறுத்தினால் மூளை எதிர்த்திசையில் போகும். அடுத்த முறை முன்னைவிடச் சின்ன அசைவுக்கே பதறும். 'தினமும் அரைமணி நேரம் பிடித்து மடியில் வைத்திரு, தன்னால் பழகிவிடும்' என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். முயல் விஷயத்தில் அது பெரும்பாலும் கெடுதலாகவே முடிகிறது. பிடித்த பிடியில் அது அசையாமல் கிடக்கலாம். பழகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தப்ப வழியில்லாத முயல் அசையாமல்தான் கிடக்கும்.

முயல் உங்களைச் சுற்றி இயல்பாக நடமாடத் தொடங்கியதும் கொத்துமல்லி வேலைக்கு வருகிறது. ஒரு தண்டை உங்களிடமிருந்து தள்ளித் தரையில் வையுங்கள். மறுநாள் கொஞ்சம் கிட்ட. பிறகு காலடியில். பிறகு விரித்த உள்ளங்கையில், கை தரையில் கிடக்க. மணி அடித்ததும் சோறு வரும் என்று பழகிய நாய்க்கு மணி ஓசை கேட்டாலே எச்சில் ஊறியதை ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ் காட்டினார் அல்லவா? இங்கே மணிக்குப் பதில் நீங்கள். உங்கள் வாசனை, உங்கள் குரல், உங்கள் கை எல்லாம் கொத்துமல்லியோடு சேர்ந்துகொள்கின்றன. புதினா, அருகம்புல் எதுவும் சரிதான். கேரட்டில் சர்க்கரை அதிகம். விரல் நகம் அளவுத் துண்டு போதும். பிஸ்கட்டும் சோறும் முயலின் வயிற்றுக்கு ஆகாதவை. அதன் அன்றாடச் சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாகவும் உலர்ந்த புல்லாகவும் இருக்க வேண்டும்.

முயலுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கட்டாயம் வேண்டும். ஒளிய இடம் கொடுத்தால் வெளியே வரவே வராதே என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஓடிப் புகுந்துகொள்ள இடம் இருக்கிறது என்று தெரிந்த முயல்தான் துணிந்து வெளியே வரும். பெரிய மண்பானை ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, உருளாமல் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்தால் போதும். அட்டைப்பெட்டி என்றால் இரண்டு வாசல் வெட்டுங்கள். காட்டில் முயல் வளைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் இருக்கும். ஒரு சட்டம் மட்டும் வீட்டில் எல்லோருக்கும் பொது: முயல் அதற்குள் இருக்கும்போது யாருடைய கையும் உள்ளே போகக் கூடாது. விருந்தாளி வந்து 'முயலைக் காட்டு' என்று கேட்டாலும்தான்.

தூக்கவே கூடாதா? தேவைக்குத் தூக்கலாம். மருத்துவரிடம் கொண்டுபோக, நகம் வெட்ட. ஆசைக்குத் தூக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் முயலின் எலும்பு. பூனையின் உடல் எடையில் எலும்புகள் 12, 13 சதவீதம் இருக்கும். முயலுக்கு 8 சதவீதம்தான். வேகமாக ஓடுவதற்காக எலும்பு மெலிந்து, பின்னங்கால் தசை பெருத்த உடம்பு அது. பயந்து அந்தரத்தில் ஓங்கி உதைத்தால், அந்த உதையின் வேகத்திலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளக்கூடும். அப்படி முறிந்தால் பின்னங்கால்கள் செயலிழந்துபோகும். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நீங்கள் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், மற்றொரு கை பின்புறத்துக்கு அடியில், முயலின் உடம்பு உங்கள் உடம்போடு அணைந்தபடி. காதைப் பிடித்துத் தூக்குவதைச் சந்தையிலும் படங்களிலும் பார்த்திருப்பீர்கள். அது கொடுமை. நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த மெல்லிய உறுப்பு அது. உடம்பின் எடையைத் தாங்குவதற்கானது இல்லை.

முயலை மல்லாக்கப் போட்டு, அது கண் திறந்தபடி அசையாமல் கிடப்பதைக் காட்டி 'எவ்வளவு சுகமாகத் தூங்குது பாருங்க' என்று சிலர் வீடியோ எடுக்கிறார்கள். பிரிட்டன் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் இந்த நிலையில் உள்ள முயல்களைக் கவனித்தார்கள். உடலிலும் நடத்தையிலும் அவர்கள் கண்டது அச்சத்தின் அடையாளங்கள். வேட்டை விலங்கின் பிடியில் சிக்கிய இரை, செத்ததுபோல் கிடந்து தப்பப் பார்க்கும் கடைசி முயற்சி இது. விளையாட்டுக்குக்கூட இதைச் செய்யாதீர்கள்.

பயந்து ஓடும் முயலைவிட, பாய்ந்து வரும் முயல்தான் பிள்ளைகளைக் கலங்க வைக்கிறது. கூண்டுக்குள் கை விட்டால் 'உர்' என்று உறுமி, முன்னங்கால்களால் அடித்து, கடிக்கவும் செய்யும். இதற்குள் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. முயல் படித்த பாடம். முதலில் அது ஓடிப் பார்த்தது. கூண்டில் ஓட இடமில்லை. காதை முதுகோடு படிய வைத்து உடம்பை விறைத்துக் காட்டியது, யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் கடித்தது. கை சட்டென்று போய்விட்டது! கடித்தால் கை போகும் என்று கற்றுக்கொண்டது. அடித்தால் இந்தப் பாடம் அழியாது. கை ஆபத்தானது என்ற எண்ணம்தான் உறுதியாகும். கடிவரை போகாமல், காது படிந்த அந்த முதல் அடையாளத்திலேயே நீங்கள் நிறுத்திக்கொண்டால், கடிக்காமலே தன் பேச்சு எடுபடுகிறது என்று அது புதிதாகக் கற்கும். கூண்டைச் சுத்தம் செய்வதும் தீவனம் வைப்பதும் முயல் வெளியே உலாவும்போது நடக்கட்டும். கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும், மறைக்கக் கூடாது.

நான்கைந்து மாதம் ஆன பெண் முயல்கள் திடீரென்று இப்படிப் பாய்பவையாக மாறுவதுண்டு. இனப்பெருக்க வயது வந்ததும் தன் இடத்தைக் காக்கும் உணர்வு கூடுகிறது. வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு அலைந்து, தன் கழுத்து முடியைத் தானே பிடுங்கிக் கூடு கட்டினால் அது கருவுற்றிருக்கலாம். அல்லது பொய்க்கருவாக இருக்கலாம். அப்படியானால் இரண்டரை வாரத்தில் தணிந்துவிடும். அதுவரை தொந்தரவு செய்யாமல் விடுங்கள். கருத்தடை அறுவை செய்தால் ஆண், பெண் இரண்டிலுமே முரட்டுத்தனம் குறையும். முயல்களைக் கையாண்டு பழக்கமுள்ள கால்நடை மருத்துவரை வீட்டில் கேட்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு பயந்த பிராணியை மனிதன் வளர்ப்புப் பிராணி ஆக்கியது எப்படி? சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து லெய்ஃப் ஆண்டர்சனும் பல நாட்டு அறிஞர்களும் இதைத் தேடினார்கள். 2014இல் அவர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வில், பயத்துக்கென்று ஒற்றை மரபணு எதுவும் அகப்படவில்லை. மூளை வளர்ச்சியோடு தொடர்புள்ள பல இடங்களில் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்திருந்தன. 2018இல் எட்டுக் காட்டு முயல்களையும் எட்டு வீட்டு முயல்களையும் எம்.ஆர்.ஐ. கருவியில் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். பயத்தைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதி வீட்டு முயல்களுக்குச் சிறியதாக இருந்தது. அந்தப் பயத்துக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதி ஒன்று பெரியதாக இருந்தது. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக, பயம் குறைந்த முயல்களையே தேர்ந்தெடுத்து வளர்த்த யார் யாரோ செய்த வேலை அது. உங்கள் வேலையில் ஒரு பங்கை அவர்கள் ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறார்கள்.

வயல்வெளியில் பிடித்த முயலுக்கு இந்த உதவி கிடைத்ததில்லை. நம் ஊர்ப் புதர்களில் வாழும் கருங்கழுத்து முயல் வேறு இனம்; வளை தோண்டாது, குட்டிகள் முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். அதைப் பழக்க முடியாது. பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வரப்பில் தனியாக ஒரு குட்டி கிடந்தால் தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று எண்ணி எடுத்து வந்துவிடாதீர்கள். எதிரிகளுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தாய் தள்ளியே இருக்கும். இருட்டிய பிறகு பால் கொடுக்க வரும்.

பழகிய முயல் எப்படி நடந்துகொள்ளும்? உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடும். தாடையை உங்கள் முழங்காலில் தேய்க்கும். அங்கே இருக்கும் வாசனைச் சுரப்பியால் 'இது என்னுடையது' என்று முத்திரை போடுகிறது. நெற்றியைத் தடவும்போது பல்லை மெல்ல நறநறவென்று உரசும். பக்கத்திலேயே பொத்தென்று சாய்ந்து படுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே எம்பி, உடம்பை அந்தரத்தில் ஒரு முறுக்கு முறுக்கிக் குதிக்கும். மகிழ்ச்சிக் குதி அது. ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்க முடியாது. பின்னங்காலால் தரையைத் தடாலென்று தட்டினால் மட்டும் எச்சரிக்கை. சன்னலில் பூனை உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் அமைதியாக இருப்பதெல்லாம் பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரு முயல் நீட்டிப் படுத்து, தொட்டாலும் ஓடாமல் கிடந்தால் அது வெப்பத்தால் வாடுகிறது. முயலால் வியர்க்க முடியாது. அகன்ற காதுகளின் வழியாகத்தான் பெரும்பாலும் சூட்டைத் தணித்துக்கொள்ளும். 30 டிகிரிக்கு மேல் போனாலே தவிக்கத் தொடங்கும். ஈரச் சாக்கு, மண்பானை, தண்ணீரை உறையவைத்துத் துணி சுற்றிய பாட்டில், இவை கோடையில் கட்டாயம். கூனிக் குறுகி உட்கார்ந்து பல்லைச் சத்தமாகக் கடித்தால் அது வலி. நன்றாகப் பழகிய முயல் திடீரென்று சீறத் தொடங்கினாலும் வலியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முயலின் முன்பற்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துகொண்டே இருக்கும். மெல்லப் போதிய புல் இல்லாவிட்டால் பற்கள் வாயில் குத்தும். பயத்தாலும் வலியாலும் முயலின் குடல் வேலை செய்யாமல் நின்றுவிடுவதும் உண்டு. அரை நாளாகச் சாப்பிடவில்லை, புழுக்கையும் போடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நீங்கள் செய்து பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து கூண்டுவரை, அரை அடிக்கு ஒன்றாகச் சாக்பீஸால் தரையில் கோடு போடுங்கள். தினமும் அதே நேரம், அதே இடம், அதே இருபது நிமிடம் உட்காருங்கள். அன்றைக்கு முயல் மிகக் கிட்ட வந்தது எந்தக் கோடுவரை, வர எத்தனை நிமிடம் ஆனது, இந்த இரண்டையும் நோட்டில் குறியுங்கள். பக்கத்தில் ஒரு வரி: வீட்டில் அன்று என்ன நடந்தது, என்ன சட்டை, யார் வந்திருந்தார்கள். ஒரு மாதம் கழித்து வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். வரைபடத்தின் கோடு நேராக இறங்காது. ஏறும், இறங்கும், சில நாள் அப்படியே நிற்கும். தீபாவளி வாரத்தில் முயல் கூண்டைவிட்டே வெளியே வராமல் இருக்கலாம். சில முயல்களுக்கு ஒரு மாதம் போதும், சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும். ஏறிய ஒவ்வொரு புள்ளிக்கும் உங்கள் நோட்டின் அந்த ஒற்றை வரியில் காரணம் தேடுங்கள். புது சோப்பா, பக்கத்து வீட்டுப் பூனையா, நீங்கள் அவசரப்பட்டுக் கை நீட்டினீர்களா? கண்டுபிடித்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றி, அடுத்த வாரம் மறுபடி அளந்து பாருங்கள்.